கேட்காமல் நடந்த மைதானம்

1

"...நீங்கள் வேணுமெண்டா எழுதுங்கோ, கையெழுத்தும் வையுங்கோ, நான் மறிக்கேல்லை. ஆனா அந்த மனுசனுக்காக நான் ஒரு வரியும் எழுதித் தரமாட்டன்," என்றாள் பவானி. சொல்லிவிட்டு, கத்தரிக்காயை விட்ட இடத்திலிருந்து வெட்டத் தொடங்கினாள்.

என் மனைவி கோபம் வந்தால் சத்தம் போடுகிறவள் அல்ல. கையிலிருக்கும் வேலைதான் வேகம் பிடிக்கும். குழம்புக்கென்று நீளமாகத் தொடங்கிய கத்தரிக்காய், அவள் பேசி முடித்தபோது பச்சடிக்கும் உதவாத அளவுக்குப் பொடிந்துபோயிருந்தது.

நடந்தது இதுதான். காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தபோது கதவுக்குப் பின்னால் ஒரு தடித்த கடித உறை கிடந்தது. லண்டன் மனோர் பார்க்கில் எங்கள் வீட்டுக்கு வரும் உறைகளை நான் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன். மெல்லியது கவுன்சில். கண்ணாடித்தாள் ஜன்னல் வைத்தது வங்கி. தடித்தது குடிவரவு. பிரஜாவுரிமை கிடைத்து எத்தனையோ வருஷமான பிறகும் தடித்த உறையை நான் சும்மா எடுப்பதில்லை. கால்களைத் துடைத்துவிட்டுத்தான் குனிந்து எடுப்பேன்.

இது வேல்ஸிலிருந்து வந்திருந்தது. உள்ளே ஒரு வரைபடம், அதில் சிவப்புக் கோடு போட்ட ஒரு மைதானம். கூடவே நிரப்பித் தரச் சொல்லி இரண்டு பாரங்கள், ஒன்று என் பெயருக்கு, மற்றது பவானியின் பெயருக்கு. மேலே மேகன் எழுதிய கடிதம். மேகன் எங்கள் பழைய அயலவர், அந்த ஊர் ரக்பி மைதானத்தைப் பார்த்துவந்த ஐவர் என்பவரின் மகள்.

"மைதானத்தில் வீடு கட்டப் போகிறார்கள். போன வருஷம் வேலியும் போட்டுவிட்டார்கள். அப்பாவுக்கு இப்போது எண்பது கடந்துவிட்டது. தினமும் போய் வேலிக்கு வெளியே நிற்கிறார். நீங்கள் இருவரும் அங்கே நடந்து திரிந்ததை எழுதித் தருவீர்களா?" இவ்வளவுதான் கடிதம்.

நான் உருகிப்போய் வாசித்துக் காட்டினேன். பவானி கத்தரிக்காயைப் பொடியாக்கினாள்.

2

லண்டனில் எங்களைத் தெரிந்த பலருக்கு நாங்கள் பதினொரு வருஷம் வேல்ஸில் இருந்த கதை தெரியாது. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு வேல்ஸே புதிதாக இருக்கலாம். இங்கிலாந்துக்கு மேற்கே ஒட்டிக் கிடக்கிற சின்ன நாடு அது. அங்குள்ளவர்களைப் பார்த்து "இங்கிலீஷ்காரரோ?" என்று கேட்டால், நம்மைப் பார்த்து "சிங்களவரோ?" என்று கேட்டால் நமக்கு வரும் முகம் அவர்களுக்கும் வரும்.

நாங்கள் இருந்த ஊரின் பெயரை எழுத எனக்கு வராது. இரண்டு 'எல்' சேர்ந்து தொடங்கும். நாக்கைப் பல்லோடு ஒட்டிவைத்துப் பக்கவாட்டில் காற்றை விடவேண்டும். பதினொரு வருஷம் முயன்றும் எனக்குக் காற்று வந்ததே தவிர ஊர் வரவில்லை.

என் மச்சான் முறையான டாக்டர் ஒருவர் அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்தார். சுரங்கத் தொழிலாளரின் பெரிய வேலைநிறுத்தம் முடிந்து சில மாதங்கள்தான். "ஒரு பேப்பர் கடை சும்மா கிடக்கு, வாங்கோ" என்றார். வந்தோம். "நாளைக்கு உங்களுக்கு இடத்தைக் காட்ட வாறது ஐவர்" என்று அவர் போனில் சொன்னதைக் கேட்டு, பவானி ஐந்து பேருக்குத் தேத்தண்ணி ஆயத்தம் செய்து வைத்தாள். கதவைத் தட்டியது ஒரே ஒருவர்.

"மிச்ச நாலு பேரும் எங்கையாம்?" என்றாள் என் காதுக்குள்.

அவர் பெயரே ஐவர் என்று தெரிய இன்னொரு நாள் எடுத்தது. சுரங்கத்துச் சத்தத்தில் காது பாதி போன மனிதர். தனக்குக் கேட்காதது மற்றவர்களுக்கும் கேட்காது என்று நினைத்தோ என்னவோ, எதையும் உரத்துத்தான் சொல்வார். தினமும் காலையில் கடைக்கு வந்து பேப்பரை எடுத்துக்கொண்டு, பலகையில் முழங்கையை ஊன்றி நிற்பார். நான் இங்கிலீஷ் பழகியது அவரிடம்தான். பின்னாளில் இங்கே கோயிலடியில் ஒருவர், "அண்ணை, உங்கட இங்கிலீஷ் என்ன பாட்டு மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டார். அந்தப் பாட்டு ஐவருடையது.

கடைக்குப் பின்னால்தான் மைதானம். அதன் கதையை அவர் ஒரே நாளில் சொன்னதில்லை. பேப்பரில் எந்தச் செய்தியைத் திறந்தாலும் அது எப்படியோ மைதானத்தில் வந்து முடியும். அவர் பேச்சை நம் பேச்சிலேயே எழுதுகிறேன், வேறு மாதிரி எழுதினால் எனக்கு அவர் குரல் கேட்காது.

"உது முந்தி கழிவுக் கல்லுக் கொட்டின மேடு. என்ர தகப்பன்ர காலத்தில ஒரு வேலைநிறுத்தம், மாசக்கணக்கா இழுத்தது. கையில மண்வெட்டி இருக்கு, வெட்ட நிலக்கரி இல்லை. சும்மா இருக்கேலாமல் மேட்டை வெட்டத் தொடங்கிச்சினம்."

கூட்டம் வைத்து ஒருவரும் முடிவெடுக்கவில்லையாம். ஒருவர் தொடங்க, மற்றவர் சேர்ந்துகொண்டார். நிலம் சுரங்கக் கம்பனியுடையது. மானேஜர் அந்தப் பக்கம் வந்தால் எல்லோரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, தொப்பியைக் கழற்றி, காலை வணக்கம் சொல்வார்கள். அவர் திரும்பிப் போனதும் தொப்பி தலைக்கு, மண்வெட்டி மண்ணுக்கு. பெண்கள் ஏப்ரனில் கல் பொறுக்கி ஆற்றோரம் அடுக்கினார்கள். கடைசியில் வேலைநிறுத்தம் தோற்றது. மைதானம் மட்டும் மிஞ்சியது.

அதுவும் முழுதாகச் சமப்படவில்லை. ஆற்றுப் பக்கம் சரிந்தே கிடக்கும். வேலைநிறுத்தம் இன்னும் இரண்டு கிழமை இழுத்திருந்தால் சமமாகியிருக்கும் என்பது அந்த ஊரின் நிரந்தரப் பகிடி. வெளியூர் அணிகள் வந்து முறைப்பாடு செய்தால், "உங்கட முதலாளிமாரைக் கேளுங்கோ, ஏன் வேலைநிறுத்தத்தைக் கெதியா முறிச்சவை எண்டு" என்பார் ஐவர்.

கோல் கம்பங்கள் சுரங்கப் பட்டறையின் பழைய குழாய்கள். யுத்த காலத்தில் பாதி மைதானத்தில் உருளைக்கிழங்கு போட்டு, மற்றப் பாதியில் விளையாடினார்களாம். பந்து கிழங்குப் பாத்திக்குள் விழுந்தால் எதிர் அணிக்காரனும் நுனிக்காலில் நடந்துபோய்த்தான் எடுக்கவேண்டும், பாத்திக்காரப் பெண்கள் கரையில் நிற்பார்கள். பிறகு ரக்பி கழகம் சுரங்கக் கம்பனிக்கு வாடகை கட்டி, சனிக்கிழமை ஆட்டத்துக்கென்று ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொண்டது. மற்ற ஆறு நாளும் ஊர் அதன்பாட்டுக்கு நடந்தது. நாய் கூட்டிப் போகிறவர்கள், பனியில் தட்டில் குந்திச் சறுக்குகிற பிள்ளைகள், காதலிக்கிறவர்கள், காதல் முறிந்தவர்கள், எல்லாரும்.

நாங்கள் போய்ச் சில வருஷத்தில் சுரங்கம் மூடிவிட்டது. நிலம் கடுதாசியில் கைமாறிக் கைமாறி எங்கோ போனது. ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லை. தொப்பி கழற்றுவதற்கு நேரில் ஒருவர் வந்தால்தானே கவனிப்பார்கள்.

3

பாரத்துக்கு வருகிறேன். நான் எதையும் பள்ளிக்கூடத்தில் படித்துத் தெரிந்துகொண்டவன் அல்ல. இந்த நாட்டுச் சட்டத்தையும் பாரம் நிரப்பி நிரப்பியே படித்தேன். மேகன் போனில் விளக்கியது இது: ஓர் இடத்தை ஊரார் இருபது வருஷம் விளையாடவும் உலாவவும் பயன்படுத்தி வந்திருந்தால், அதை ஊர்ப் பொதுவெளியாகப் பதியக் கேட்கலாம். பதிந்துவிட்டால் வீடு கட்ட ஏலாது. ஆனால் அந்த இருபது வருஷமும் ஒளித்துப் போயிருக்கக் கூடாது, உடைத்துப் போயிருக்கக் கூடாது, அனுமதி வாங்கியும் போயிருக்கக் கூடாது.

இந்த மூன்றாவதை நான் பிறகுதான் கவனித்தேன். அதுதான் சங்கடம்.

பாரத்தில் பதினாலாவதோ பதினைந்தாவதோ கேள்வி: "இந்த நிலத்துக்குள் செல்ல யாராவது உங்களுக்கு அனுமதி தந்தார்களா?" இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் 'பெர்மிஷன்' என்ற சொல்லைக் கண்டால் என் கை தானாகவே 'ஓம்' போடும். இருக்க அனுமதி உண்டா, ஓம். வேலை செய்ய அனுமதி உண்டா, ஓம். மனைவியைக் கூப்பிட, கடைக்குப் பெயர்ப்பலகை மாட்ட, எல்லாவற்றுக்கும் ஓம், இதோ பிரதி. இங்கே சொந்த வாசலில் கார் விடவும் கவுன்சிலிடம் பெர்மிட் வாங்கிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். இல்லை என்று எழுதினால் ஆளை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்பது எழுத்தறிவோடு கூடவே வந்த அறிவு.

ஆகவே நல்ல கையெழுத்தில் இப்படி எழுதினேன்: "ஓம். மைதானம் பார்க்கும் ஐவர் அவர்களிடம் வாய்மொழியாக அனுமதி கேட்டோம். அவர் அன்போடு தந்தார்." ஐவருக்கு ஒரு மரியாதையும் செய்தேன் என்று எனக்குள் ஒரு திருப்தி. மேகனுக்குப் போன் எடுத்து அந்த வரியை வாசித்தும் காட்டினேன்.

எழுதிக்கொள்கிறாள் என்று காத்திருந்தேன்.

"மேகன், கேட்கிறதா?"

"கேட்கிறது," என்றாள். "அப்பா அனுமதி தந்தாரா?"

"தந்தார். கையை விரித்துக் காட்டினார். போங்கள் என்று."

அவள் கவனமாகச் சொற்களைத் தேடிப் பேசினாள். கழகம் வாடகை கட்டியது, ஆகவே விளையாடியவர்களின் சாட்சி உதவாது. சும்மா நடந்தவர்களின் சாட்சிதான் வேண்டும். ஐவர் கழகத்தின் ஆள். அவர் ஊராருக்கு அனுமதி கொடுத்துத்தான் எல்லோரும் போனார்கள் என்று காட்ட, வீடு கட்டப்போகும் கம்பனியின் வக்கீல் முயல்கிறார். அப்படிச் சொல்ல ஏற்கெனவே இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள். "உங்கள் பாரம் மூன்றாவதாக இருக்கும்," என்றாள்.

"அப்படியென்றால் நான் அந்த வரியை வெட்டி விடட்டுமா?"

"வேண்டாம்," என்றாள் உடனே. "அப்பா தந்திருந்தால் தந்ததுதான். நடந்ததை எழுதுங்கள்."

இந்த 'நடந்ததை எழுதுங்கள்' என்ற சொல் எனக்குப் பெரிய பாரமாகிவிட்டது. பொய் சொல் என்றிருந்தால் கோபித்துக்கொண்டு போனை வைத்திருப்பேன். உண்மையைச் சொல் என்கிறாள், அந்த உண்மையே அவளுடைய அப்பாவின் மைதானத்தை விழுங்கப் போகிறது.

4

"அவர் தந்தவர் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று பவானி பின்னாலிருந்து கேட்டாள். போனில் நான் பேசியதை எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"நான்தானே கேட்டனான். நீர் கேற்றடியில நிண்டனீர்."

"நிண்டனான்தான். அதாலதான் சொல்லுறன்."

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. எங்கள் மகள் துளசி பிறந்து ஆறேழு கிழமை. தாயும் பிள்ளையும் தினமும் வெளிக்காற்றில் நடக்கவேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஊர்த் தெருக்கள் எல்லாம் செங்குத்து, தள்ளுவண்டியை ஏற்றினால் இறக்கப் பயம். மைதானத்தைச் சுற்றி மட்டும் நடக்கத் தோதான ஒரு பாதை. ஐவர் குனிந்து சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போய், இவள் இங்கே நடக்கலாமா, பெர்மிஷன் உண்டா என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து, இரண்டு கையையும் விரித்து, உரத்த குரலில் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டார். சொன்னது எனக்குச் சரியாக விளங்கவில்லை. விரித்த கை விளங்கியது.

"அவர் சொன்னது எனக்கு விளங்கினது," என்றாள் பவானி. "'ஹூ ஆர் யூ, ஆஸ்கிங்?' எண்டவர். நீ ஆர், கேக்கிறதுக்கு? அந்த நேரம் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் பத்துச் சொல்லுத்தான். அந்த நாலு சொல்லும் அதுக்குள்ள இருந்தது."

பதினொரு வருஷம் ஐவர் காலையில் கடைக்குள் காலெடுத்து வைத்ததும் இவள் பின்அறைக்குப் போனது கூச்சத்தால் என்றே நினைத்திருந்தேன்.

"ஏன் அண்டைக்கே எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் சிரிச்சுக்கொண்டு வந்தனீங்கள். 'ஓமாம், போகட்டாம்' எண்டனீங்கள். அந்த ஊரில உங்களுக்கெண்டு இருந்தது அந்த ஒரு சிநேகிதம். அதையும் கெடுப்பானே எண்டு விட்டிட்டன்."

வெளியே ஐஸ்கிரீம் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. எனக்கு ஒரு பக்கம் மனம் நொந்தது, மறு பக்கம் மூளை கணக்குப் போட்டது. பவானி சொல்வது சரியென்றால் ஐவர் அனுமதி தரவே இல்லை. மைதானத்தைக் காக்க அது போதும். ஆனால் பாரங்களை வைத்து ஊரில் நடக்கப்போகும் விசாரணையில் அதைச் சொன்னால், கைக்குழந்தையோடு வந்த அகதிப் பெண்ணைப் பார்த்து ஒரு மனிதர் இப்படிக் கேட்டார் என்று அவர் ஊரே கேட்கும். அதுவும் அவருடைய மைதானத்துக்காக, அவருடைய எண்பது வயதில்.

"அவர் அப்பிடிச் சொல்லக்கூடிய ஆளில்லையப்பா," என்றேன்.

"நீங்கள் கேட்டனீங்களோ? எனக்குக் கேட்டது," என்றாள்.

இரண்டு பாரங்களும் மூன்று நாள் சாப்பாட்டு மேசையில் கிடந்தன. நாங்கள் தட்டுகளை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டோம்.

5

ஞாயிற்றுக்கிழமை துளசி வந்தாள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம், விடுதியில் இருக்கிறாள். தோய்க்கிற உடுப்புப் பையோடு வந்து, மெஷின் சுற்றும் நேரத்துக்குள் சாப்பிட்டு, உடுப்பு காய்ந்ததும் போய்விடுவாள். பதினொரு வயதில் அவளை லண்டனுக்குக் கொண்டுவந்ததே தமிழ் படிக்கட்டும், நம் சனத்தோடு வளரட்டும் என்றுதான். வெம்பிளிவரை கொண்டுபோய் நடன வகுப்பில் விட்டோம். தமிழ் அரைகுறையாக வந்தது. வேல்ஸ் பேச்சு அடியோடு போனது. இங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவள் பேசுகிற ராகத்தைப் பார்த்துச் சிரித்தார்களாம். மூன்றே மாதத்தில் கழற்றி வைத்துவிட்டாள்.

மேசையில் கிடந்த வரைபடத்தைக் கண்டு, "இது எங்கட ஃபீல்ட் தானே?" என்றாள். கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. 'எங்கட' என்ற சொல் அவள் வாயில் வந்து எனக்கு நெடுநாள்.

நான் கதையைச் சொன்னேன். பவானி இடையில் புகுந்து அந்த நாலு சொல்லையும் சொன்னாள்.

"அம்மா, வெயிட். திருப்பிச் சொல்லுங்கோ. அவர் சொன்ன மாதிரியே."

"என்னண்டு? அவர் மாதிரிக் கத்தோணுமோ?"

"கத்துங்கோ."

பவானி கையை விரித்தாள். இருபது வருஷத்துக்கு முந்திய குரல் அவள் தொண்டையில் அப்படியே பத்திரமாக இருந்தது. சொல் எல்லாம் மேலே மேலே ஏறி, கடைசியில் ஒரு வளைவு வளைந்து நின்றது.

துளசி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று பார்த்தேன், சிரிப்புத்தான்.

"அம்மா, நடுவில நிப்பாட்டினது நீங்கள். அவர் நிப்பாட்டேல்லை. அது ஒரே மூச்சு." பிறகு அவள் அந்த வசனத்தைத் தானே சொன்னாள். கழற்றி வைத்த ராகம் முழுதாகத் திரும்பி வந்தது. ஒரு கணம் என் சமையலறையில் ஐவரின் ஊர் எழுந்து நின்றது. "'ஹூ ஆர் யூ ஆஸ்கிங்?' நீங்கள் ஆரிட்டைக் கேக்கிறீங்கள் எண்டு கேட்டிருக்கிறார், அம்மா. நீங்கள் ஆர் எண்டு கேக்கேல்லை. லைக், ஏன் என்னட்டைக் கேக்கிறீங்கள்? இதில கேக்கிறதுக்கு ஆர் இருக்கினம்?"

நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டதும் அனுமதி இல்லை. அவள் அவமானம் என்று எடுத்துக்கொண்டதும் அவமானம் இல்லை.

அன்றைக்கே மேகனுக்குப் போன் எடுத்தேன். சொல்லி முடிக்கவிடாமல் சிரித்தாள், பிறகு மூக்கை உறிஞ்சினாள். தந்தைக்கு அந்த நாள் நினைவிருக்காது என்றாள். ஆனால் அந்த வசனம் புதிதல்லவாம். யார் வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்வாராம், ஒருவருக்கு மட்டும் வேறு மாதிரிச் சொன்னதில்லையாம்.

என் பாரத்தில் அந்த வரியை ஒரு கோட்டால் வெட்டி, மேலே எழுதினேன்: "அனுமதி கேட்டோம். ஒருவரும் தரவில்லை. தருவதற்கு ஒருவரும் இல்லை என்று சொல்லப்பட்டது." இந்த நாட்டில் 'இல்லை' என்று நான் பயமில்லாமல் நிரப்பிய முதல் பாரம் இதுதான்.

பவானி துளசியின் உடுப்புகளை ஒவ்வொன்றாக மடித்தாள். கடைசி மேற்சட்டையை மடித்துக்கொண்டே, "பதினொரு வருசம்," என்றாள். "ஒரு குட் மோர்னிங் சொல்லியிருப்பனே அந்த மனுசனுக்கு." பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "விசாரணை எண்டு எழுதியிருக்கு, அதுக்கு ஆரும் போகலாமோ? நான் எழுதேல்லை. வந்து வாயால சொல்லுறன்."

"நானும் வாறன்," என்றாள் துளசி.

6

விசாரணை ரக்பி கழகத்து மண்டபத்தில் நடந்தது. நடத்த வந்தது ஒரு பெண் வக்கீல், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்பவர். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று பவானியைக் கேட்டார்கள். "வேண்டாம். என்ர இங்கிலீஷ் இந்த ஊரில படிச்சது, இந்த ஊருக்கு விளங்கும்" என்று அவள் சொன்னதைத் துளசி அழகாக்கிச் சொன்னாள்.

முன்வரிசையில் ஐவர் இருந்தார். உடம்பு சுருங்கி, கோட்டுப் பெரிதாகிவிட்டது. தடியை முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்திருந்தார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

பவானி நடந்ததைச் சொன்னாள். கம்பனியின் வக்கீல் எழுந்தார். நல்ல மரியாதையான இளைஞர்.

"அந்த வசனத்தை அன்று நீங்கள் எப்படி விளங்கிக்கொண்டீர்கள்?"

"நீ யார் கேட்பதற்கு, என்று."

"அதாவது, வரவேண்டாம் என்று."

"ஆமாம்."

"ஆனால் மறுநாள்?"

"போனேன்."

"அதன் பிறகு?"

"மழை நாளிலும் போனேன்."

"வரவேண்டாம் என்று சொன்னதாக நினைத்துக்கொண்டே போனீர்களா? ஏன்?"

பவானி சேலைத் தலைப்பைத் தோளில் சரிசெய்தாள். "நான் யார் என்று கேட்டார் என்று நினைத்தேன். யார் என்று அவர் தினமும் பார்க்கட்டும் என்று போனேன்."

நல்ல காற்றுக்காக நடக்கிறாள் என்று பதினொரு வருஷம் நம்பிய கணவன் நான். மண்டபம் முழுக்கச் சிரித்தது. விசாரணை நடத்திய அம்மையாரும் கண்ணாடியைக் கீழே இறக்கி, ஏதோ எழுதுவதுபோல முகத்தைக் குனிந்துகொண்டார். இளைஞர் தன் தாள்களைப் புரட்டினார், பிறகு இருந்துவிட்டார்.

எல்லோரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று ஐவர் மேகனிடம் கேட்டார். மேகன் அவர் காதுக்குள் கத்தினாள், வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது. அவர் பவானியைப் பார்த்து, தன் பழைய குரலில், "அப்ப உங்கட மனுசன் ஆரிட்டைத்தான் கேட்டவராம்?" என்றார். சபையில் அமைதி வேண்டும் என்று அம்மையார் மேசையைத் தட்டவேண்டி வந்தது.

முடிவு வர மாதங்கள் ஆகுமாம். கிடைக்கும் என்று மேகன் நம்புகிறாள். நானும் நம்புகிறேன். துளசி மேகனின் மகளோடு தொலைபேசி எண் மாற்றிக்கொண்டாள், கோடையில் ஒரு கிழமை அவர்கள் வீட்டில் தங்கப் போகிறாளாம்.

அன்றைக்கு மத்தியானத்துக்குப் பிறகு இடத்தைப் பார்க்க எல்லோரும் நடந்தோம். கம்பனி போட்ட புது இரும்புக் கேற்றில் சங்கிலியும் பூட்டும். 'தனியார் நிலம், அனுமதியின்றி உட்செல்லாதீர்' என்று பலகை. சாவி கொண்டுவர வேண்டியவர் அதைத் தங்கியிருந்த இடத்தில் விட்டுவிட்டு வந்திருந்தார். இருபது நிமிஷத்தில் வரும் என்றார்கள். தூறல் தொடங்கியது. வக்கீல்மாரும் ஊராரும் குடை விரித்துக் காத்து நின்றார்கள். நான் கேற்றுக்கு நேரே, பலகைக்குக் கீழே, வரிசையில் முதல் ஆளாக நின்றேன். பழக்கம் விடாது.

"வேலி போட்டு ஒரு வருசம்தானே?" என்று பவானி துளசியைக் கேட்டாள். "அங்க பார், ஆத்துப் பக்கம். அதுக்குள்ள பொட்டு வைச்சிட்டாங்கள்."

பார்த்தேன். கம்பி வலையின் ஒரு மூலை சுருண்டு, முள்ளுப் பற்றைக்கு நடுவே ஓர் ஆள் குனிந்து போகக்கூடிய வேலிப் பொட்டு, நம் ஊர் வேலிகளில் இருப்பதுபோலவே. புல்லில் ஒற்றையடிப் பாதையும் விழுந்திருந்தது.

"பவானி, கொஞ்சம் பொறுமன், சாவி வருகுதாம்," என்றேன்.

அவள் குடையைத் துளசியிடம் கொடுத்தாள். சேலையை ஒரு சாண் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேலியோரமாக நடந்துபோய், குனிந்து மறுபக்கம் போனாள். பிறகு திரும்பி, முள்ளுக்கொடியைக் கையுறை போட்ட கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, தடியூன்றி மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்த ஐவருக்காக நின்றாள்.